ஏறி இறங்கும் கணக்கு

நடுவர் அவர்களே, "சென்னைப் பயணத்தை எளிதாக்கியது செல்போன் டிக்கெட்டா, மகளிர் கட்டணமில்லா டிக்கெட்டா?" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, எதிரணியில் மூன்று பேரையும் ஆண்களாகவே உட்கார வைத்திருக்கிறீர்கள். பாதித் தீர்ப்பை அங்கேயே சொல்லிவிட்டீர்கள், நன்றி!

எதிரணித் தலைவர் செல்போனைத் தூக்கிக் காட்டினார். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலி. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். "ஒரே டிக்கெட்" என்று ஐந்து தடவை சொன்னார், எண்ணிக்கொண்டே இருந்தேன். அண்ணே, எங்களுக்கு அந்த ஒரே டிக்கெட் 2021 மே மாதமே வந்துவிட்டது. முதல்வராகப் பதவியேற்ற அன்றே மு.க.ஸ்டாலின் மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டார், மறுநாளே நடைமுறை. அடுத்த இரண்டாம் நாள் கொரோனா ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்றுபோனது வேறு கதை. எங்கள் ராசி அப்படி.

நான் ஏன் இதை ஒரே டிக்கெட் என்கிறேன்? ஆண்கள் பயணம் என்ன? காலையில் ஏறினால் ஆபீஸ், சாயங்காலம் ஏறினால் வீடு. பெண்கள் அப்படியா போகிறோம்? எங்கள் தெருவில் பூ விற்கிற அக்கா ஒருவர். வீடு வியாசர்பாடி. விடியற்காலை கோயம்பேடு பூ மார்க்கெட். திரும்பி வந்து கூடையை இறக்கிவிட்டு, மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வருவார். போக வர ஆறு தடவை ஏறி இறங்குகிறார். காசு கொடுத்து எடுக்கிற பஸ் டிக்கெட் எப்படி? ஏறுகிற தடவைக்கெல்லாம் புது டிக்கெட்! நடுவில் இறங்கி ஒரு மாத்திரை வாங்கினால்கூட அடுத்த பஸ்ஸுக்கு மறுபடியும் காசு. எங்கள் டிக்கெட்டில் எத்தனை தடவை ஏறினாலும் காசு இல்லை.

குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்றே வையுங்கள். ஆறு தடவைக்கு 30 ரூபாய், 26 நாளைக்கு 780 ரூபாய். மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் என்று சொன்னது. என் மனக்கணக்கு அவ்வளவு மோசமில்லை, நடுவர் அவர்களே!

ஆனால் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அந்த அக்கா சொன்னார்: "முன்னெல்லாம் எங்கயாவது போகணும்னா மவன்கிட்ட சில்லறை கேக்கணும்மா. எதுக்கு, எங்கன்னு நாலு கேள்வி கேப்பான். இப்போ செருப்ப மாட்டிக்கிட்டு கெளம்பிடுறேன்." அந்த நாலு கேள்வியை நிறுத்துகிற வசதி உங்கள் செயலியில் இருக்கிறதா? அதற்கு முதலில் போன் வேண்டும், பிறகு டேட்டா, பிறகு சார்ஜ். பூக்கூடை தூக்குகிற கையில் போனை எங்கே பிடிப்பது?

எதிரணியில் அடுத்தவர் எங்கள் பயணத்தை "ஓசி" என்றார். சரி. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் திட்ட மதிப்பு 63,246 கோடி ரூபாய். அதை உங்கள் டிக்கெட் காசிலா கட்டுகிறார்கள்? மத்திய அரசு, மாநில அரசு, வெளிநாட்டு வங்கிக் கடன் என்று சேர்த்துக் கட்டுகிறார்கள். அதற்குப் பெயர் வளர்ச்சி, எங்கள் 5 ரூபாய்க்குப் பெயர் ஓசியா? பஸ்ஸிலும் கண்டக்டர் எங்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத்தான் கொடுக்கிறார். அந்தச் செலவை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது.

இன்னொருவர் எங்கள் கட்டணமில்லா பஸ்ஸை 'லிப்ஸ்டிக் பஸ்' என்று கிண்டல் அடித்தார். முன்னாலும் பின்னாலும் மட்டும் பிங்க் அடித்தார்கள், உண்மைதான், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் போர்டு படிக்கத் தெரியாத ஒரு பாட்டி தூரத்திலிருந்தே நம்ம வண்டி என்று கண்டுபிடிக்கிறாரே, எந்த ஆப்பில் அது வரும்?

எங்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்ஸுக்கு, அதாவது வெள்ளை போர்டுக்கு, காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். மறுக்கமாட்டேன். இரண்டு டீலக்ஸ் போன பிறகு ஒன்று வந்தால், நின்று கால் வலிக்கத்தான் செய்கிறது. அதற்குப் பரிகாரம் வெள்ளை போர்டைக் கூட்டுவது. இலவசத்தைக் குறை சொல்வது அல்ல.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்பைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள் ஐயா. கடைசி வெள்ளை போர்டைத் தவறவிட்டால் டீலக்ஸ்தான், அதில் எனக்கும் காசு!