கருவுற்ற தாய்மாரும் புகையிலையும்



திட்டக்குடி வட்டத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் நம் தாய்மாருள் பீடி பிடிப்போர் அரியர். வெற்றிலையோடு புகையிலை அடக்குவோர் உளர். பசி தெரியாது என்பர். அப்பசியை நாமும் அறிவோம்.

பேறுகாலப் பரிசோதனையில் "புகை பிடிப்பதுண்டா?" என்று வினவினால், "இல்லை" என்பர். விடை பொய்யன்று, வினாவே பிழை. புகையிலை மென்ற தாய்மாரின் குழந்தைகள் சராசரி 105 கிராம் எடை குறைந்து பிறந்ததை 2004-இல் வெளியான மும்பை ஆய்வொன்று காட்டிற்று. கர்ப்பிணியர் அனைவரிடமும், ஒவ்வொரு வருகையின்போதும், புகையிலைப் பழக்கம்பற்றி வினவுமாறு உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது.

ஆதலின், கிராம சுகாதாரச் செவிலியர்க்கு அளிக்கும் பயிற்சியில், "வெற்றிலையோடு புகையிலையும் சேர்ப்பீர்களா அம்மா?" என்று கனிவுடன் கேட்கும் முறையும் இடம்பெற வேண்டும். நம் தெருப் பெண்களைக் கடிந்து பேசுதல் சிலர்க்கு எளிது. கடிந்தால் மறுமுறை மறைப்பர். வீட்டில் பீடி புகைக்கும் கணவனையும் அழைத்துப் பேசுதல் நன்று. இக்கோரிக்கையை வரும் கிராமசபையில் நம் இளைஞர்கள் எழுப்புவார்களாக.