மோட்டாரை எப்போ நிறுத்தலாம்?

2013ல நம்ம தண்டையார்பேட்டைல போர்வெல் தண்ணியில பெட்ரோலியம் கலந்து வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மண்ணுக்கு அடியில போற எண்ணெய்க் குழாய்ல கசிவு. இந்தப் பேச்சு எப்போ வந்தாலும் கூடவே ஒரு கேள்வியும் வரும்: "மோட்டார் போட்டு மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்துட வேண்டியதுதானே?"

எடுக்கலாம். அப்படி எடுத்துக்கிட்டே இருக்கிற ஒரு ஊரைப் பார்ப்போம். நியூயார்க், புரூக்ளின்ல கிரீன்பாயிண்ட். 19ஆம் நூற்றாண்டுல இருந்தே சுத்திகரிப்பு ஆலைகள் இருந்த ஏரியா. 1978ல கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் ஒண்ணு, அங்க இருக்கிற நியூடவுன் கால்வாய்ல எண்ணெய் மிதக்கிறதைப் பார்த்துச்சு. தோண்டிப் பார்த்தா, வீடுகளுக்கு அடியிலயே எண்ணெய். குறைஞ்சபட்ச மதிப்பீடே 1.7 கோடி கேலன், அதாவது ஆறு கோடி லிட்டருக்கு மேல. 1989ல அலாஸ்கா கடல்ல எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டினது 1.1 கோடி கேலன்தான்!

எடுக்கிற முறை ரொம்ப சிம்பிள். எண்ணெய் நிலத்தடி நீர் மேல மிதக்கும். கிணத்துல கீழ ஒரு பம்ப் தண்ணியை இறைக்கும். சுத்தி நீர்மட்டம் கிண்ணம் மாதிரி குழியும். அந்தப் பள்ளத்துக்கு எண்ணெய் வழிஞ்சு வரும், மேல இருக்கிற இன்னொரு பம்ப் அதை அள்ளிடும். இறைச்ச தண்ணிக்குள்ள காத்தைச் செலுத்தி பென்சீன் மாதிரி ஆவியாகிற சமாச்சாரத்தைப் பிரிச்சு, மிச்சத்தைக் கரி வடிகட்டியில பிடிச்சு வெளிய விடுவாங்க.

இப்படிப் பல பத்தாண்டு இறைச்சு, கிரீன்பாயிண்ட்ல 1.2 கோடி கேலனுக்கு மேல எடுத்துட்டாங்க. இன்னும் முடியலை.

ஏன்னா, ஓடி வர்ற எண்ணெய் மட்டும்தான் பம்புக்குச் சிக்கும். மணல் துகள்களுக்கு நடுவுல ஒட்டிக்கிட்டது வராது. எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணியில கழுவிப் பாருங்க, புரியும். மழைக்கு நீர்மட்டம் ஏறி வெயிலுக்கு இறங்கும்போது, அதை மேலயும் கீழயும் இன்னும் பூசி விட்டுடும். அது வருஷக்கணக்கா துளித்துளியா கரையும். மோட்டாரை நிறுத்தினா கொஞ்ச நாள்ல அளவு திரும்ப ஏறும். டவுன்லோடு 99%ல நிக்கிற மாதிரி, ஆனா முப்பது வருஷத்துக்கு.

அந்த மிச்சம் சின்ன விஷயம் இல்ல. அமெரிக்கால குடிநீர்ல பென்சீனுக்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டேன்: ஒரே ஒரு லிட்டர் பென்சீன், சுமார் 17 கோடி லிட்டர் தண்ணியை அந்த வரம்புக்குக் கொண்டு போயிடும்.

1994ல அமெரிக்காவோட தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், எண்ணெய் மட்டுமில்லாம பலவகை ரசாயனம் கலந்த 77 இடங்கள்ல இந்த இறைப்பு முறையை ஆராய்ஞ்சுது. இலக்கைத் தொட்டது எட்டுதான்.

அப்போ வேஸ்ட்டா? என்னைக் கேட்டா இல்ல. பம்ப் ஓடுற வரை அந்த அழுக்கு அடுத்த தெருவுக்கு நகராது. அது பெரிய விஷயம். ஆனா இதை "சுத்தம் பண்றோம்"னு சொல்றது எனக்கு உறுத்துது. "பிடிச்சு வெச்சிருக்கோம்"னு சொல்லலாம். அதனால எங்கயாவது இந்தத் திட்டம் வந்தா நான் கேட்கிற முதல் கேள்வி, இருபதாவது வருஷ கரண்ட் பில்லை யார் கட்டுவாங்க?

இன்னொண்ணு. கிரீன்பாயிண்ட்காரங்க குழாயில வர்றது தூரத்து மலை நீர்த்தேக்கத் தண்ணி. நம்ம ஊர்ல லாரி வராத அன்னைக்கு போர்வெல்தான்.

எண்ணெயைத் தின்னுற பாக்டீரியா பத்தி அடுத்த எபிசோட்ல பேசுவோம். பை!