விழா மாதமும் வரலாற்று அறிவும்

(கல்லூரி மாணவர்களுக்கும் கல்வித்துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரை)

ஒரு மக்களினத்தின் வரலாறு பாடநூலில் இடம்பெறாவிடில், அவ்வினத்தின் பிள்ளைகள் தமக்கு வரலாறே இல்லையென எண்ணிவிடுவர். பிறரும் அவ்வாறே எண்ணுவர். அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் கொண்டாடப்படும் வரலாற்று மாதங்கள் இக்குறையைப் போக்கும் முயற்சியாகவே தோன்றின.

இம்முயற்சியின் முன்னோடி கார்ட்டர் உட்சன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோரின் மகனாக 1875-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்த அவர், இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். இருபதாம் வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. ஆயினும் 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். 1915-இல் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு கழகம் கண்டார். 1916-இல் ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். அதன் பின்னரே, 1926 பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று வாரம் கொண்டாடப்பட்டது. ஆபிரகாம் லிங்கன், ஃபிரெடரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்த நாள்களும் அந்த வாரத்தில் அடங்கின.

இங்கு வரிசைமுறை கருதத்தக்கது. ஆய்வு முதலில், இதழ் அடுத்து, விழா இறுதியில். ஆண்டு முழுவதும் கற்றதை ஊரறியக் காட்டும் வாரமாகவே உட்சன் அதனைக் கருதினார்.

மாணவர் பங்கு

வாரம் மாதமானதில் மாணவர்களின் பங்கு பெரிது. ஒஹையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவரும் ஆசிரியரும் 1969-இல் இதனை முன்மொழிந்து, 1970-இல் செயற்படுத்தினர். 1976-இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு இம்மாதத்திற்கு ஏற்பு அளித்தார். மகளிர் வரலாற்று மாதம் 1987-இல் நாடாளுமன்ற ஏற்புப் பெற்றது. ஆசிய, பசிபிக் மக்களின் மரபுக்கென மே மாதம் ஒதுக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. 1869 மே 10-இல் நிறைவுற்ற, கண்டத்தின் குறுக்கே செல்லும் இருப்புப்பாதையை அமைத்ததில் சீனத் தொழிலாளரின் உழைப்பு மிகுதி.

சான் ஃபிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்கள் விழா நாளோடு நிறைவடையவில்லை. 1968 நவம்பரில் அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச்சு வரை நீடித்தது. அதன் பயனாக, ஒதுக்கப்பட்ட இனத்தவரின் வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பிக்கத் தனிக் கல்விப் பிரிவு அங்கு உருவாயிற்று.

ஆணையும் அறிவும்

விழா மட்டும் போதாது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. 2025 ஜனவரி 31-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, இத்தகைய மாதங்களின் கொண்டாட்டத்திற்கு அலுவலக நேரத்தையும் வளத்தையும் செலவிடலாகாது என அறிவித்தது. ஆணையால் பெறப்படும் ஏற்பு ஆணையாலேயே நீங்கவும் கூடும். ஆனால் தொகுக்கப்பட்ட ஆவணமும் எழுதப்பட்ட நூலும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அத்துணை எளிதில் மறைவதில்லை.

இந்தியச் சூழல்

இந்தியாவிற்கும் இப்பாடம் பொருந்தும். நாட்டின் கலப்புப் பண்பாட்டு மரபை மதித்துப் பேணுவது, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. பிர்சா முண்டாவின் பிறந்த நாளான நவம்பர் 15, 2021 முதல் பழங்குடியினர் பெருமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. உட்சன் பிறந்த அதே 1875-இல் பிறந்தவர் பிர்சா முண்டா. 1900 ஜூன் 9-இல் ராஞ்சிச் சிறையில் உயிர்நீத்தார்.

அந்நாளில் பழங்குடி மாணவரை மரபுடை அணிந்து ஆடச் செய்து, ஏனையோர் கைதட்டிக் கலைந்து செல்வது எளிது. அதனால் அம்மாணவர் காட்சிப்பொருளாவரேயன்றி, அவர்தம் வரலாறு எவர் நெஞ்சிலும் பதியாது. முண்டாக்கள் ஏன் கிளர்ந்தெழுந்தனர், நிலம் அவர்கள் கையைவிட்டு எவ்வாறு சென்றது, அக்கிளர்ச்சிக்குப் பின் 1908-இல் வந்த சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் எதனைக் காத்தது ஆகியவற்றை வகுப்பறையில் ஆராய வேண்டும். அப்போதுதான் பெருமை என்னும் சொல் பொருள் பெறும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்களில், கிராமத்து முதியோரின் நினைவுகளை மாணவர் எழுதிக்கொள்ளலாம். நூலகர் அவற்றைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கலாம். பேராசிரியர் அவற்றைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுப் பாடமாக்கலாம். நிதி ஒதுக்கும் அலுவலர், மேடைக்கும் பந்தலுக்கும் தருவதில் ஒரு பகுதியை நூல்களுக்கும் ஆவணங்களுக்கும் ஒதுக்கலாம்.

விழாவின் வெற்றியைக் கூட்டத்தின் அளவால் கணித்தல் பொருந்தாது. பந்தல் பிரிக்கப்பட்ட மறுநாள், கல்லூரி நூலகத்தில் எத்தனை ஏடுகள் புதிதாகச் சேர்ந்துள்ளன, எத்தனை மாணவர் அவற்றைக் கேட்டு வருகின்றனர் என்பவையே தக்க அளவுகோல்.