காசும் பாட்டும்



காந்தாரத்தில் தெலிபாஸ் என்றொரு கிரேக்க மன்னன் இருந்தான். கிரேக்கத்திலும் கரோஷ்டியிலும் தன் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டான். அக்காசுகள் கிடைத்திராவிடில் அப்படியொருவன் வாழ்ந்தமையே உலகுக்குத் தெரிந்திராது. அவன் எத்தகையவன் என்று சொல்ல ஒரு பாட்டும் நம் கைக்கு எட்டவில்லை.

நம் பாண்டிநாட்டுச் செய்தி வேறு. பெருவழுதி என்னும் பெயரைப் புறநானூறு முன்பே நமக்குத் தந்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் முதலியோர் பாடினர். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியோ தானே பாடினான். ஆயினும் சங்கப் பாடல்களின் காலத்தை ஐயுற்றோர் உண்டு. 1980களில் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சதுரச் செப்புக்காசில் தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’ என்றிருக்கக் கண்டார். ஒருபுறம் குதிரை, மறுபுறம் மீன் சின்னம். எந்தப் பெருவழுதி என்பதைக் காசு சொல்லவில்லை. பெயரைக் காசு காத்தது. மனிதனைப் பாட்டே காத்தது.

சிவகாசிக்கு அருகே வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டைத் தொல்லியல் துறையினர் 2022இல் அகழத் தொடங்கினர். மண்ணுக்குள் இருந்தோரின் சங்கு வளையல்கள் வெளிவந்தன. மண்ணுக்கு மேலே, அவ்வட்டாரமெங்கும் பட்டாசு ஆலைகள். வெடியின் உறையில் ஆலையின் பெயர் உண்டு; மருந்து அடைத்த கைகளின் பெயர் இல்லை. விபத்து நேர்ந்தால் அவர்கள் செய்தித்தாளில் ஓர் எண்ணிக்கையாய் முடிகின்றனர். அவர்கள் பெயரில் காசு அடிப்பார் இல்லை. பாட்டாவது உண்டா? பத்தாண்டு நிறைந்த நம் வட்டம் விடை சொல்லட்டும்.