தூத்துக்குடித் தொழிலாளரும் தேசக் கிளர்ச்சியும்
(சங்கரன்கோவிலில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓர் ஊரில் எழும் சிறு கூலித் தகராறு அரசாங்கத்தையே எதிர்க்கும் தேசக் கிளர்ச்சியாக எங்ஙனம் வளர்கின்றது என்பது குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் ஊரும் அடங்கியிருந்த பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே 1908-ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது.

தூத்துக்குடியில் வெள்ளையர் நிர்வாகத்திற் கோரல் நூலாலை நடந்து வந்தது. வேலை நேரம் மிகுதி, கூலி அற்பம், வார ஓய்வு கிடையாது. சிறுவரும் அங்கே உழைத்தனர். பிழை கண்டால் அடியும் விழும். நூலையும் தறியையும் அறிந்த இவ்வூராருக்கு அவ்வாழ்க்கையை யான் விரித்துரைக்க வேண்டா. 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் அத்தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்கள் கேட்டவை கூலி உயர்வும் வார ஓய்வும் விடுப்பு வசதியுமே. சுயராஜ்யத்தை அவர்கள் கேட்டாரில்லை.

அவர்கட்குத் துணை நின்றோர் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆவர். பிள்ளையவர்கள் ஆலைத் தொழிலாளி அல்லர், வக்கீல், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். ஊராரிடம் பொருள் திரட்டி, வேலையிழந்தோர் பசியாற வழி செய்தார். தொழிலாளருக்கு மாறாகப் பேசிய வக்கீல் ஒருவருக்கு முகக்ஷவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போனார் என்பர். அந்த வக்கீலின் நிலையை எண்ணிச் சிரிக்கின்றோம். ஆயினும் சபையோர் ஒன்றைக் கருத வேண்டும். அந்நாவிதருக்கும் நூலாலைக்கும் என்ன உறவு? விசைத்தறிக் கூலி பற்றிப் பிற சமூகத்தார் கொடுக்கும் மனுவில் நாமும் கையொப்பமிடுவதா என்று சென்ற கூட்டத்தில் வினவினீர்கள். நம்முள் தறி உடையோரும் உளர். கூலிக்கு நெய்வோரும் உளர். ஆதலின் வழக்கு எளியதன்று. எனினும், ‘பிறர் சண்டையில் நமக்கென்ன’ என்னும் விடையை மட்டும் யான் ஒப்பேன். தூத்துக்குடியார் அவ்விடையைச் சொல்லியிருப்பின் அவ்வேலைநிறுத்தம் ஆலை வாயிலிலேயே மாய்ந்திருக்கும்.

ஒன்பது நாளில் முதலாளிகள் இணங்கினர். கல்கத்தாவில் அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ பத்திரிகை இவ்வெற்றியைப் போற்றி எழுதிற்று.

கோரிக்கை நிறைவேறிய பின்னர் அடங்கியிருக்க வேண்டிய நெருப்பை ஊதிப் பெருக்கியது யார்? சர்க்காரே என்பது என் துணிபு. விபின சந்திர பாலர் விடுதலையான மார்ச் 9-ஆம் நாளைக் கொண்டாடியதைக் காரணமாக்கி, மார்ச் 12-இல் பிள்ளையையும் சிவாவையும் சிறைப்படுத்தினர். மறுநாள் திருநெல்வேலியிற் கடைகள் அடைபட்டன. மாணவர் வகுப்பை விட்டு வெளியேறினர். நகரசபை அலுவலகமும் தபால் நிலையமும் போலீஸ் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். தீ வைத்ததை யான் மெச்சவில்லை; நகரசபைக் கட்டடம் ஊரார் பொருளன்றோ! கோரல் ஆலையாரும் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கேட்டது கூலியன்று. பின்னர் தண்டப் போலீஸ் வைத்து, அதன் செலவை இரு நகரத்தார்மீதும் வரியாகச் சுமத்தினர். கதவடைத்து ஒதுங்கியிருந்தோர் பலரும் அவ்வரிக்குத் தப்பவில்லை.

ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே பிள்ளையவர்கட்கு இரட்டை ஆயுள் தண்டனையும், சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். அதே மாதம் 22-ஆம் நாள் திலகருக்கு ஆறாண்டு தண்டனை கிடைத்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலையை நிறுத்தினர். தூத்துக்குடியைப் பார்த்துப் பம்பாய் எழுந்தது என்று யான் கூறேன். 1905-இல் வங்காளத்திற் பெருகிய சுதேசி வெள்ளத்தில் இவ்விரண்டும் கலந்த ஓடைகள். ஆயினும், கூலிக்கு வேலை செய்வோன் தலைவர்பொருட்டு வேலையை விடுதல் அவ்வாண்டில் இரு கடற்கரைகளிலும் காணப்பட்டது. காந்தியடிகள் 78 தொண்டரோடு தண்டிக்கு நடக்கத் தொடங்கியது 1930 மார்ச் 12. பிள்ளையவர்கள் சிறைப்பட்டதும் ஒரு மார்ச் 12-ஆம் நாளே.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரிற் பிள்ளையவர்கள் வெளிவந்தபொழுது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் கையில் இல்லை. சென்னையிற் குடியேறி வறுமையில் உழன்றார். அந்நாளில் அவருக்கெனப் பொருள் திரட்டியோர் அவரை நேரிற் கண்டறியாத தென்னாப்பிரிக்கத் தமிழர். அப்பணம் காந்தியடிகள் வாயிலாக 1916-இல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.