மனசுக்கும் வைத்தியம் உண்டு



சர்க்கரை, பிரஷர்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போறோம். ராத்திரி தூக்கமில்லை, யாரோடயும் பேசப் பிடிக்கலைன்னா மட்டும் வெளியே சொல்றதில்லை. 'பைத்தியம்'னு பேர் வந்துடுமோன்னு பயம்.

அந்தப் பயத்தைப் போக்கப் பாடுபட்டவர் டாக்டர் சாரதா மேனன். 1923-ல் மங்களூரில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்து, நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் ஆனார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையைப் பல வருசம் தலைமையேற்று நடத்தினார். 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ப்' அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். மாத்திரை மட்டும் போதாது, குடும்பத்தார் புரிஞ்சு நடக்கணும், தேறினவங்களுக்கு ஒரு வேலையும் மரியாதையும் வேணும்கிறதுதான் அவர் வழி.

வேலையும் மரியாதையும் நம்ம குழுவே குடுக்க முடியுமுங்க. ஒருத்தி ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா, தவணைக்குப் பயந்துக்கிட்டான்னு நினைக்காம, வீட்டுக்குப் போய், "என்ன கண்ணு, நல்லாத் தூங்கறயா?"ன்னு கேளுங்க. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்குது, துணைக்குப் போங்க. 14416-க்குப் போன் பண்ணினா எந்நேரமும் இலவசமாப் பேசலாம்.

கடனுக்கு ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் நிக்கறோம். மனசுக்கும் நிப்போமுங்க.