உதிர மறுக்கும் உயிரணு

நம் பெருங்குடலின் உட்சுவரை மூடியிருக்கும் உயிரணுக்கள், அச்சுவரின் நுண்குழிகளின் அடியில் வாசம் செய்யும் மூல உயிரணுக்களிலிருந்து பிறந்து, மெல்ல மேலேறி முதிர்ந்து, தம் காரியத்தைச் செய்து, சில தினங்களில் உதிர்ந்துபோகின்றன என்பது எவ்வளவு ஆச்சரியமான ஒழுங்கு! அவை முதிர வேண்டுமானால், பெருகு பெருகு என்று தூண்டும் பீட்டா கேட்டனின் என்ற புரதம் அழிய வேண்டும். அதற்குத் துணைபுரிவது, 1991-இல் கண்டறியப்பட்ட ஏ.பி.சி. என்னும் மரபணு. அதன் இரு பிரதிகளும் விகாரமடைந்தால், உதிர வேண்டிய உயிரணு, மூல உயிரணுவின் சுபாவத்தை விடாமல் பற்றிக்கொண்டு பெருகி, முதலில் சிறு கட்டியாகவும், வேறு மரபணுக்களும் பழுதுபட, பல வருஷங்களுக்குப் பின் புற்றாகவும் உருவெடுக்கிறது. கட்டியைக் கண்டு அகற்ற வாய்க்கும் அந்தப் பல வருஷ அவகாசத்தை நம் பாக்கியமென்றே கருதுகிறேன். மலத்தில் ரத்தம் கண்டால், அது இந்நோயின் அறிகுறியாகவும் இருக்கலாமாகையால், மூலவியாதிதானே என்று கூச்சத்தால் மறைக்காமல், தயவுசெய்து வைத்தியரிடம் சென்று காட்டுங்கள்.